கல்யாணத்தில் எதைத் தூவுவது: 62,000 ரூபா கொடுத்து நான் படித்தது

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். திருகினால் வெடித்து மினுங்கல் துண்டுகளைப் பறக்கவிடுகிற பொப்பர்க் குழாய் 30, ஒன்று 850 ரூபா வீதம் 25,500. கடற்கரை ஹோட்டல்காரர் துப்புரவுக்கென்று முற்பணத்தில் கழித்தது 30,000. சாயம் ஏறிய பட்டு வேட்டிக்கும் இரண்டு சேலைக்கும் ட்றை கிளீனிங் 6,500. மொத்தம் 62,000 ரூபா. அதற்கு மேல், கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு நாள் வெயிலில் மணல் அரித்தேன். அத்தனையும் ஒரு நிமிஷம்கூட முழுசாகப் பறக்காத மினுங்கல் துண்டுகளுக்காக. யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

தங்கச்சியின் கல்யாணம் ஆவணியில். அப்பா இல்லை, அண்ணா கனடாவில், அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. மண்டபம், ஐயர், மேளம், சாப்பாடு எல்லாம் என் தலையில். இரண்டு கிழமைக்கு முன் அண்ணா வீடியோவில் வந்து, "தாலி கட்டேக்க மேலயிருந்து கொட்டோணும், இங்க எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்" என்றார். கொழும்புக்குப் போன ஒருவரைக் கொண்டு புறக்கோட்டைச் சந்தையில் பொப்பர் எடுப்பித்தேன். உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

முதல் பாடம் அங்கேதான். பொப்பர் என்று விற்கிற குழாய்க்குள் இரண்டு விதமான சரக்கு வரும். ஒன்று மினுங்கல்: மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அலுமினியம் பூசி வெட்டியது. மற்றது டிஷ்யூக் கடதாசி. வெளியே ஒட்டியிருக்கிற படத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது, சிலதில் இரண்டும் கலந்திருக்கும். ஆகவே முப்பது வாங்குவதற்கு முன் ஒன்றை வாங்கி வீட்டு முற்றத்தில் அடித்துப் பாருங்கள். ஒரு துண்டை எடுத்து இழுத்தால் கடதாசி கிழியும், பிளாஸ்டிக் இழுபட்டு நீளும் அல்லது கிழியவே மாட்டாது. கடதாசி என்றால் அடுத்த சோதனை: தனித்தனிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் சிவப்பு, நீலம், ஊதா ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு போட்டுப் பத்து நிமிஷம் விடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் அந்த நிறம் கல்யாண வீட்டுக்கு வேண்டாம். வெள்ளை, தந்த நிறம் இரண்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. வெட்டின வடிவத்தையும் கவனியுங்கள். ஏறக்குறைய ஐந்தரை சென்ரிமீற்றர் நீளம், ஒன்றே முக்கால் அகலம் உள்ள நீள்சதுரத் துண்டுதான் சுழன்று சுழன்று மெல்ல இறங்கும். பொட்டு மாதிரிச் சின்ன வட்டங்கள் பொலபொலவென்று விழுந்துவிடும். படத்தில் தூசி மாதிரித் தெரியும், கண்ணுக்குள்ளும் போகும்.

மண்டபத்தில் நடந்தது இதுதான். கெட்டிமேளம் முழங்க, மணவறையின் இரண்டு பக்கமும் நின்ற மச்சான்மார் எட்டுப் பேர் ஒன்றாகத் திருகினார்கள். மேளத்தையும் தாண்டி வெடிச் சத்தம். முன்வரிசையில் தொண்ணூறு வயது அம்மம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், மடியில் இருந்த குழந்தை அலறியது. மேலே காற்றாடிகள் சுழன்றுகொண்டிருந்ததை ஒருவரும் யோசிக்கவில்லை. மினுங்கல் நேரே விழாமல் மண்டபம் முழுக்க வீசுப்பட்டது. பந்திக்கு மூடாமல் வைத்திருந்த பாயாசத்துக்குள் போனது, ஓமகுண்டத்துக்குள்ளும் போனது. பிளாஸ்டிக் எரிந்த மணம் வர, ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. எல்லாவற்றிலும் கவலை, தாலி ஏறுகிற அந்தப் படத்தில் தங்கச்சியின் முகமே இல்லை. பிளாஷ் வெளிச்சம் மினுங்கலில் பட்டுத் தெறித்து, முகம் இருக்கவேண்டிய இடத்தில் நாலைந்து வெள்ளைப் பொட்டுகள்.

ஓமம் வளர்த்திருக்கிற, குத்துவிளக்கு எரிகிற இடத்தில் கடதாசியோ பிளாஸ்டிக்கோ பறக்கவிடவே கூடாது. தீப்பிடிக்காத பக்குவம் செய்த டிஷ்யூ கிடைத்தாலும் அது தீக்குள்ளேயே விழுந்தால் புகையத்தான் செய்யும். பொப்பர் அடித்தே ஆகவேண்டுமென்றால் சடங்கு முழுக்க முடிந்து, மாப்பிள்ளை பொம்பிளை மண்டபத்தை விட்டு வெளியே வருகிற வாசலில் அடியுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள், சாப்பாட்டை மூடுங்கள். குழாயின் வாய் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டிருக்கும், அதை முதலில் பார்க்கவேண்டும். ஒரு கையால் நடுவில் இறுக்கிப் பிடித்து, மற்றக் கையால் அடியைத் திருகவேண்டும். உள்ளே இருப்பது அமுக்கிய காற்று, அதனால் ஆட்களின் தலைக்கு மேலே சரிவாகப் பிடிக்கவேண்டுமே தவிர முகத்துக்கு நேரே ஒருபோதும் கூடாது. சின்னப் பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள். வெயிலில் நிறுத்தின வானுக்குள் பெட்டியோடு விட்டுவைப்பதும் ஆபத்து. எட்டுப் பேர் தேவையில்லை, மணமக்களுக்கு இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு பேர், பத்தடி தள்ளி நின்றால் போதும்.

அடுத்தது பன்னீர். எங்கள் பொப்பரில் பாதி சிவப்பு டிஷ்யூ. வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற பிள்ளைகள் வஞ்சகமில்லாமல் தெளித்திருந்தார்கள், அதோடு ஆவணி வெக்கையில் எல்லோருக்கும் வியர்வை. ஈரம் பட்ட இடத்தில் சிவப்புக் கடதாசி ஒட்டி, மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டியில் உள்ளங்கை அளவுக்கு ரோசாக் கறை. நான் ஓடிப்போய் ஈரத் துணியால் துடைத்தேன், அதுதான் பிழை. உள்ளங்கை அளவு முழங்கால் அளவாகியது. கடதாசி ஒட்டினால் கை வைக்காமல் காயவிட்டு, காய்ந்த பிறகு உதறவேண்டும். கறை பிடித்திருந்தால் காய்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. பட்டுக்கு அதற்கு மேல் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே ட்றை கிளீனிங்.

மத்தியானம் மணமக்கள் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போனார்கள். கோட்டைக்குள்ளால் போகிற அந்த வழியில் மான்கள் நிற்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காரால் இறங்கிய உற்சாகத்தில் தோழன்மார் இரண்டு பொப்பரை அங்கேயும் அடித்துவிட்டார்கள். புள்ளிமான் ஒன்று வந்து, புல்லில் கிடந்த வெள்ளித் துண்டை மூக்கால் தள்ளிப் பார்த்து, நாக்கை நீட்டி எடுத்து மென்றது. உதடு ஓரத்தில் மினுங்கல் ஒட்டிக்கொண்டு தெரிந்தது. பொலித்தீன் தின்று இந்த மான்கள் சாகிற கதை நாங்கள் கேட்டு வளர்ந்தது. பட்டுச் சேலையோடு முழங்காலில் இருந்து பொறுக்கினேன், மிச்சத்தை மான்தான் பொறுக்கியது.

பின்னேரம் உப்புவெளிக் கடற்கரையில் வரவேற்பு. பாக்கியிருந்த இருபது பொப்பரும் அங்கே. திருகோணமலையில் வைகாசியிலிருந்து ஆவணிவரை கச்சான் காற்று. மேற்கிலிருந்து, தரையிலிருந்து கடலுக்கு வீசும். நாங்கள் படத்துக்காகக் கடலைப் பின்னுக்கு வைத்து நின்றோம், பொப்பர் அடித்தவர்கள் தரைப் பக்கம் நின்றார்கள். மினுங்கல் மணமக்களின் தலையைத் தாண்டி நேரே அலைக்குள் போனது. போகாதது மணலில் புதைந்தது. கொஞ்சம் வடக்கே நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, 2003இல் தேசியப் பூங்காவாக்கிய பவளப்பாறை இடம். அந்தக் கடலுக்குத்தான் நாங்கள் இதைக் கொட்டினோம்.

மறுநாள் காலையில் ஹோட்டலில் துப்புரவு செய்ய வந்த அம்மா தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, இது கூட்டினாப் போகாது. விரலாலதான் பொறுக்கோணும்." உண்மைதான். மணலில் விளக்குமாறு போட்டால் துண்டுகள் இன்னும் கீழே போகும். மணல் நன்றாகக் காய்ந்த பிறகு, பத்து மணிக்குப் பிறகு, மேல் இரண்டு அங்குலத்தை அள்ளி மண் அரிக்கிற அரிதட்டில் போட்டால் துண்டு மேலே நிற்கும். பனி ஈரத்தில் அரித்தால் கட்டி கட்டியாய் அடைக்கும். மண்டபத்துக் கம்பளத்தில் மினுங்கல் மின்னேற்றத்தால் ஒட்டும், வாக்கும் கிளீனர் இழுக்காது. றப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே பக்கமாகத் தடவினால் உருண்டு வரும். டிஷ்யூவுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், கம்பளத்துக்கும் சாயம் ஏறும். இத்தனைக்கும் பதிலாக 12க்கு 18 அடிப் படங்கு ஒன்றை நிற்கிற இடத்தில் விரித்து, ஓரங்களில் மணல் பை வைத்திருந்தால் முக்கால்வாசியைச் சுருட்டிக் கொண்டுபோயிருக்கலாம். காற்று எந்தப் பக்கம் என்று ஒரு பிடி காய்ந்த மணலை விட்டுப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

ஹோட்டல்காரரோடு நான் வாதாடினேன். அவர் ஒப்பந்தத் தாளைக் காட்டினார், கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. கையொப்பம் வைக்க முதல் மூன்று கேள்வி கேளுங்கள்: எதைத் தூவ அனுமதி, எங்கே, துப்புரவுக்கு எவ்வளவு கழிப்பீர்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, 2017 செப்டெம்பர் 1 முதல் இலங்கையில் சமூக, சமய விழாக்களுக்குப் பொலித்தீன் அலங்காரம் கட்டுவதே தடை. மினுங்கல் வேறு வகைப் பிளாஸ்டிக்காக இருக்கலாம், ஆனால் கடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. "மண்ணில் மக்கும்" என்று எழுதின மினுங்கலையும் நம்பி ஏமாறாதீர்கள். சோளத்திலிருந்து செய்கிற அந்த வகைத் தாள் மக்குவதற்குத் தொழிற்சாலைக் குழியில் அறுபது பாகை அளவு சூடு வேண்டும். கடல் தண்ணீரில் அது வருஷக்கணக்காகப் பிளாஸ்டிக் மாதிரியே கிடக்கும்.

இனி எதைத் தூவலாம் என்ற கதை. அடுத்த வைகாசியில் சித்தியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அதற்கு முன் ஒவ்வொன்றையும் வீட்டில் செய்து பார்த்தேன். இப்படித் தூவுகிற துண்டுகளை ஆங்கிலத்தில் கொன்ஃபெட்டி என்பார்கள், அந்தச் சொல்லுக்கு இத்தாலியில் சீனி பூசிய பாதாம் என்றுதான் அர்த்தம். கடதாசித் துண்டை அவர்கள் கொத்தமல்லியின் பெயரால் அழைக்கிறார்கள், முந்தி சீனி பூசிய மல்லி விதையை எறிந்த பழக்கத்தில் வந்த பெயர். அவர்களும் விதையில்தான் தொடங்கியிருக்கிறார்கள். எங்களிடம் அறுகரிசி இருக்க நான் புறக்கோட்டைக்கு ஆள் அனுப்பினேன்!

அறுகரிசிக்கு ஒரு கிலோ பச்சையரிசிக்கு இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூள், பிசற மட்டும் தண்ணீர் தெளித்து, நிழலில் ஒரு நாள் உலரவிட்டு, அரிதட்டில் போட்டு உதிரி மஞ்சளைக் கொட்டிவிடுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டால் வெள்ளைப் பட்டில் மஞ்சள் படியும். அறுகம்புல் நுனியைக் காலையில் கிள்ளிச் சேர்த்தால் போதும், முதல் நாளே சேர்த்தால் வாடிக் கருகும். ஆளுக்குப் பத்துக் கிராம், அதாவது நூறு பேருக்கு ஒரு கிலோ. பெரியவர்கள் முறைப்படி இடுவது தனி, சபை தூவுவதற்கு இந்தக் கணக்கு. இரண்டு எச்சரிக்கை: இளந்தாரிகள் கல்லெறிவதுபோல எறிவார்கள், கண்ணில் பட்டால் நோகும். பளிங்கு ரைல்ஸ் தரையில் அரிசி குண்டு மணி மாதிரி உருட்டும், வயசானவர்கள் வழுக்கி விழுவார்கள். மணவறையைச் சுற்றிப் பாய் விரித்துவிட்டு, பந்திக்கு எழும்ப முன் ஒருவர் கூட்டிவிடவேண்டும். பச்சையரிசி தின்றால் குருவியின் வயிறு வெடிக்கும் என்று வெளிநாட்டு உறவினர் சொன்னால் சிரித்துவிடுங்கள். எங்கள் வயலில் நெல் தின்கிற எந்தக் குருவி வெடித்தது?

ரோசா இதழ் அழகுதான், ஆனால் வேலை இருக்கிறது. ஒரு லீற்றர் இதழ் பத்துப் பேருக்கு ஒவ்வொரு கைப்பிடி, 150 பேருக்குப் பதினைந்து லீற்றர் வேண்டும். முதல் நாள் இரவு உதிர்த்து, கழுவாமல், வாழையிலையில் பரப்பி, மேலே இன்னொரு இலை மூடிக் குளிரான இடத்தில் வைக்கவேண்டும். பொலித்தீன் பையில் கட்டினால் விடியக் கறுத்து அவிந்திருக்கும், எங்கள் வெக்கைக்கு நாலு மணித்தியாலமே போதும். மிதிபட்ட ரோசா இதழும் வழுக்கும், வெள்ளைத் தரையில் கறையும் விடும். செவ்வந்தி இன்னும் மோசம், மஞ்சள் சாயம் துணிக்கும் ஏறும்.

என் தெரிவு கடதாசிப்பூ. பெயரே சொல்கிறது, பாருங்கள். தண்ணீர் விடாமலே வெயில் காலத்தில் மதிலுக்கு மேலால் சரிந்து பூக்கிற செடி, ஊரில் வீட்டுக்கு ஒன்று நிற்கிறது, காசில்லை. நிறமான மூன்று மடல்களையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொரு மடலிலும் ஒட்டியிருக்கிற சின்ன வெள்ளைப் பூவை எடுத்துவிடவேண்டும். அதில்தான் ஈரம், அது இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பத்திரிகையில் ஒரு அடுக்காகப் பரப்பி வீட்டுக்குள் மூன்று நாள் உலர விடுங்கள், வெயிலில் வைத்தால் நிறம் வெளுக்கும். காய்ந்ததும் அட்டைப் பெட்டியில் போடுங்கள், இரண்டு கிழமை நிறம் நிற்கும். வெள்ளை மடல் மட்டும் சீக்கிரம் பழுப்பாகும். காய்ந்த மடல் டிஷ்யூவைப் போலவே மெல்ல மிதந்து இறங்குகிறது, படத்தில் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது. குறை இரண்டு: செடியில் முள், பறிக்கும்போது கையுறை போட்டு, பெட்டியில் முள் கலக்காமல் இரண்டாம் தரம் பார்க்கவேண்டும். ஈரத்தில் நசுங்கினால் இதுவும் ஊதாச் சாயம் விடும், ஆகவே பன்னீர் தெளிப்பது வாசலில் ஒரு பக்கம், பூத் தூவுவது மறுபக்கம்.

உதிர்ந்த இலையைத் துளையிடும் கருவியால் வட்டமாக வெட்டித் தூவுவதையும் செய்து பார்த்தேன். அலுவலகத் துளையிடும் கருவி வெட்டுகிற வட்டம் மிகச் சின்னது, கைவினைக் கடையில் கிடைக்கிற இரண்டரை சென்ரிமீற்றர் வெட்டிதான் சரி. பழுத்து விழுந்த அன்றே வெட்டவேண்டும், சருகானால் நொறுங்கும். நூறு பேருக்கு வெட்டக் கை விட்டுப்போகும். சவர்க்காரக் குமிழி பிள்ளைகளுக்குச் சந்தோஷம்: ஒரு லீற்றர் தண்ணீர், 100 மில்லிலீற்றர் பாத்திரம் கழுவும் திரவம், இரண்டு மேசைக்கரண்டி கிளிசரின். கச்சான் காலத்தில் குமிழி உடனே உடையும், பட்டில் வளையம் வளையமாக அடையாளம் விடும். கம்பி மத்தாப்பு நைலோன் கலந்த சேலைகளுக்கு நடுவில் வேண்டவே வேண்டாம், அதன் நுனி ஆயிரம் பாகைக்கு மேல் சூடு.

கொடுக்கிற விதம்தான் பாதி வெற்றி. கடதாசிக் கூம்புக்குப் பதிலாகப் பனையோலைக் குட்டான் வைத்தோம், காற்றில் சாயாது, பிறகு சீனி சர்க்கரை போட வீட்டுக்குப் போகும். முதலே கையில் கொடுத்தால் பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் கொட்டி முடிப்பார்கள். மணமக்கள் வெளிக்கிடுகிற நேரம் தட்டில் கொண்டுவந்து கொடுங்கள். ஆட்கள் இரண்டு வரிசை, நடுவில் ஆறடி. காற்று மணமக்களின் முதுகுப் பக்கமிருந்து வரவேண்டும். முகத்துக்கு அல்ல, தலைக்கு மேலே உயர எறியச் சொல்லுங்கள். படம் பிடிப்பவர் வரிசையின் கடைசியில் முழங்காலில் இருந்து மேல்நோக்கி எடுத்தால் பூ வானத்தில் தெரியும். மூன்றில் ஒரு பங்கை ஒளித்து வையுங்கள். முதல் தரம் யாராவது கண்ணை மூடியிருப்பார்கள், இரண்டாம் தரம் நடக்கத்தான் வேண்டிவரும்.

கடற்கரைக்கு மட்டும் ஒன்றையும் தூவவில்லை. ஓரடி மூங்கில் குச்சியில் மூன்றடி சட்டின் ரிபன் இரண்டு, நுனியில் ஒரு சின்னச் சலங்கை. ரிபன் நுனியை மெழுகுதிரிச் சுடரில் ஒரு கணம் காட்டினால் நூல் பிரியாது, முடிச்சுக்கு மேலே ஒரு சொட்டுப் பசை வைத்தால் காற்றுக்கு உருவாது. இப்படி 60 குச்சி செய்து கொடுத்தோம். போன வருஷம் எங்களை அழவைத்த கச்சான், இந்தமுறை ரிபனை நீட்டிப் பிடித்துத் தந்தது, படங்களும் அதுதான் திறம். குச்சிகள் இப்போது சொந்தத்துக்குள் கல்யாணத்துக்குக் கல்யாணம் போய்வருகின்றன. போன கிழமை 52 திரும்பி வந்தது, எட்டை எந்தப் பிள்ளைகள் வைத்திருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும்.